கொட்டான் எத்தனை, பெட்டி எத்தனை? ஓலைக் கூடத்துக்கு ஒரு லாபக் கணக்கு

பனை ஓலை முடையும் கூடங்களில் வாரத்தின் முதல் நாள் காலையில் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த வாரம் எதை எத்தனை போடுவது? செட்டிநாட்டுக் கொட்டானாக (சிறு ஓலைக் கூடை) இருந்தாலும், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து மூடிப் பெட்டியாக இருந்தாலும் வழக்கமான பதில், "எதில் காசு கூட நிற்குதோ அதைப் போடு" என்பது. ஒரு பெட்டியில் 150 ரூபாய் நிற்கிறது, ஒரு கொட்டானில் 60தான் நிற்கிறது என்றால் எல்லாரும் பெட்டியே முடைய வேண்டியதுதானே? அப்படி முடைந்தால் கீழே வரும் கூடத்தில் வாரத்துக்கு 450 ரூபாய் நழுவிப் போகும். அந்த 450 எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பதிவு.

முறை புதிதல்ல. பதினோராம் வகுப்பு வணிகக் கணிதத்தில் 'நேரிய திட்டமிடல்' (இருக்கும் நேரத்துக்கும் பொருளுக்கும் உள்ளே அதிக லாபம் தரும் கலவையைக் கண்டுபிடிக்கும் கணக்கு) என்று படித்தோமே, அதேதான். பாடத்தில் அது நாற்காலி மேசைக் கணக்காக வந்து தேர்வோடு போய்விடும். ஆனால் அது பிறந்ததே பட்டறையில்தான். 1938இல் லெனின்கிராடில் ஒரு பிளைவுட் நிறுவனம், இருக்கும் மரத்தை எந்த எந்திரத்துக்கு எவ்வளவு கொடுத்தால் உற்பத்தி கூடும் என்று கேட்க, கணிதவியலாளர் லியோனிட் காண்டரோவிச் இதற்கு வழி கண்டார். 1947இல் அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் இதைப் படிப்படியாகத் தீர்க்கும் 'சிம்ப்ளெக்ஸ்' முறையைக் கொடுத்தார். காண்டரோவிச்சுக்கு 1975இல் பொருளாதார நோபல் பரிசே கிடைத்தது. இன்று அந்தக் கணக்கு இலவச லிப்ரே ஆபீஸ் மென்பொருளிலேயே இருக்கிறது. கூடத்து எண்களை எடுத்து அதில் போடுவதுதான் நம் வேலை. உழைப்பு முழுவதும் அந்த எண்களைச் சரியாக எடுப்பதில்தான்.

இங்கே வரும் எண்கள் கணக்கைக் காட்ட எடுத்தவை. உங்கள் கூடத்தில் எண் மாறும், முறை மாறாது.

ஆறு பெண்கள் வேலை செய்யும் கூடம். நால்வர் முடைகிறார்கள். இருவர் ஓரம் கட்டி, மூடி பொருத்தி, உருப்படியை முடித்துக் கொடுக்கிறார்கள். வாரம் 5 நாள், நாளுக்கு 6 மணி நேரம். ஆக முடைய 7,200 நிமிடம், முடிக்க 3,600 நிமிடம். வெயில் காலத்தில் வாரத்துக்கு 14 கிலோ ஓலை சாயம் போட்டு உலர்த்த முடியும்.

கொட்டான்: முடைய 40 நிமிடம், முடிக்க 30 நிமிடம், ஓலை 60 கிராம். விலை 160 ரூபாய். இதில் ஓலை, சாயம், விறகு, நார் எல்லாம் சேர்த்து 20, கூலி 70, பேக்கிங் 10. நிற்பது 60.

மூடிப் பெட்டி: முடைய 120 நிமிடம், முடிக்க 50 நிமிடம், ஓலை 200 கிராம். விலை 400 ரூபாய். பொருள் 55, கூலி 170, பேக்கிங் 25. நிற்பது 150.

கூட வாடகையும் மின் கட்டணமும் இதில் இல்லை, வேண்டுமென்றேதான். பெட்டி போட்டாலும் கொட்டான் போட்டாலும் வாடகை அதேதான். அதை உருப்படிக்கு இவ்வளவு என்று பிரித்து ஏற்றினால் முடிவு கோணலாகும். வாரக் கடைசியில் மொத்தமாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்று திட்டங்கள். பெட்டி மட்டும் போட்டால், முடையும் நேரம் 60 பெட்டியோடு தீர்ந்துவிடும். நிற்பது 9,000 ரூபாய். முடிப்பவர்கள் கையில் 600 நிமிடம் சும்மா கிடக்கும். கொட்டான் மட்டும் போட்டால், இம்முறை முடிப்பவர்கள் நேரம் 120 கொட்டானோடு தீரும், நிற்பது 7,200. முடைபவர்களின் 2,400 நிமிடம் வீண். 45 கொட்டானும் 45 பெட்டியும் போட்டால் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம்கூட மீதமில்லாமல் தீர்கிறது: நிற்பது 9,450.

கொட்டான் முடையும் நேரத்தைக் குறைவாகத் தின்கிறது, பெட்டி முடிக்கும் நேரத்தைச் சிக்கனமாகத் தின்கிறது. முடையும் ஒரு நிமிடத்துக்குக் கொட்டான் ஒன்றரை ரூபாய் தருகிறது, பெட்டி ஒன்றேகால்தான். முடிக்கும் ஒரு நிமிடத்துக்குக் கொட்டான் 2 ரூபாய், பெட்டி 3 ரூபாய். உருப்படிக்கு எவ்வளவு நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. தட்டுப்பாடாக இருக்கும் நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

450 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். 5 சதவீதம். 'லாபம் இரட்டிப்பாகும்' என்று இந்த முறையை யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். வருடத்துக்கு 50 வாரம் என்றால் 22,500 ரூபாய். கூடுதல் ஓலை இல்லை, கூடுதல் ஆள் இல்லை. ஆனால் இந்தக் கணக்கின் பெரிய பயன் இதைவிட, கணக்கோடு கூடவே கிடைக்கும் இன்னொரு எண்ணில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

தாளில் போடுவது எளிது. கொட்டானை 'க' என்றும் பெட்டியை 'ப' என்றும் வையுங்கள். 40 க + 120 ப என்பது 7,200ஐத் தாண்டக் கூடாது. 30 க + 50 ப என்பது 3,600ஐத் தாண்டக் கூடாது. 60 க + 150 ப மிகப் பெரிதாக வேண்டும். முதல் இரண்டையும் சமமாக வைத்துத் தீர்த்தால் க = 45, ப = 45. இரண்டு பொருள் வரை வரைபடத்தாளும் பென்சிலும் போதும். கோடுகள் வெட்டும் மூலைகளில் ஒன்றில்தான் விடை இருக்கும். மூன்றாவது பொருள் வந்துவிட்டால் கணினிக்குப் போய்விடுங்கள்.

லிப்ரே ஆபீஸ் கால்க்கில் முதல் வரியில் பொருள்களின் பெயரை எழுதுங்கள். இரண்டாம் வரியில் எண்ணிக்கைக்கான பி2, சி2 கட்டங்களைக் காலியாக விடுங்கள். மூன்றாம் வரியில் நிற்கும் தொகை (60, 150), நான்காவதில் முடையும் நிமிடம் (40, 120), ஐந்தாவதில் முடிக்கும் நிமிடம் (30, 50), ஆறாவதில் ஓலை கிராம் (60, 200). டி நிரலில் ஒவ்வொரு வரியையும் இரண்டாம் வரியோடு பெருக்கிக் கூட்டுங்கள். அதற்குச் சம்ப்ராடக்ட் என்ற சூத்திரம் உண்டு. இ நிரலில் உச்ச வரம்புகள்: 7200, 3600, 14000. பிறகு டூல்ஸ் மெனுவில் சால்வர். இலக்குக் கட்டம் டி3, மேக்ஸிமம். மாற்ற வேண்டிய கட்டங்கள் பி2 முதல் சி2 வரை. நிபந்தனைகளாக டி4, டி5, டி6 ஆகியவை முறையே இ4, இ5, இ6ஐ மிஞ்சாமல் இருக்க வேண்டும் என்று கொடுங்கள். ஆப்ஷன்ஸில் லீனியர் சால்வரைத் தேர்ந்தெடுத்து, எண்கள் சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். இந்த டிக்கை மறந்தால் சில சமயம் 'மைனஸ் 20 கொட்டான்' என்ற விடை வரும். எக்செலில் சால்வர் ஆட்-இன்னை முதலில் இயக்க வேண்டும். முறை 'சிம்ப்ளெக்ஸ் எல்பி'.

'முடிவிலி' என்கிற மாதிரி செய்தி வந்தால், ஏதோ ஒரு பொருளுக்கு எந்த வரம்பும் போடவில்லை என்று அர்த்தம். 'தீர்வு இல்லை' என்று வந்தால், ஒப்புக்கொண்ட ஆர்டருக்கே நேரம் போதவில்லை. இரண்டுமே பயனுள்ள செய்திதான். இதைவிட அடிக்கடி நடப்பது, ஒரு வரியில் நிமிடமும் இன்னொரு வரியில் மணியும் கலந்துவிடுவது. அதற்கு எந்தச் செய்தியும் வராது, தவறான விடை அமைதியாக வந்து நிற்கும்.

நிழல் விலை

இ4இல் 7200க்குப் பதில் 7260 போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். லாபம் 9,450இலிருந்து 9,506.25 ஆகும். அதாவது முடையும் நேரம் ஒரு மணி கூடக் கிடைத்தால், கூலி போக 56 ரூபாய் 25 காசு கூட நிற்கும். அதை மறுபடி 7200 ஆக்கிவிட்டு இ5இல் 60 நிமிடம் கூட்டினால் 45 ரூபாய் கூடும். ஓலையில் 1 கிலோ கூட்டினால் எதுவும் கூடாது. ஏனென்றால் 14 கிலோவில் 11.7 கிலோதான் செலவாகிறது. இந்த எண்களுக்கு நிழல் விலை என்று பெயர். எந்தக் கடையிலும் எழுதியிருக்காத விலை இது. உங்கள் கூடத்தில் எது தட்டுப்பாடு, அந்தத் தட்டுப்பாட்டின் மதிப்பு எவ்வளவு என்று ரூபாயில் சொல்லும்.

இதை வைத்துப் புது டிசைனை முடையாமலே சோதிக்கலாம். ஒரு கடைக்காரர் ஓலைப் பேனாக் கூடு கேட்கிறார். முடைய 60 நிமிடம், முடிக்க 20 நிமிடம். எல்லாச் செலவும் போக 65 ரூபாய் நிற்கும். கொட்டானைவிட 5 ரூபாய் கூட என்று ஒப்புக்கொள்ளத் தோன்றும். நிழல் விலையில் பாருங்கள்: முடையும் நிமிடம் ஒன்று 0.9375 ரூபாய், அறுபதுக்கு 56.25. முடிக்கும் நிமிடம் 0.75, இருபதுக்கு 15. மொத்தம் 71.25. பேனாக் கூடு தின்னும் நேரத்தின் மதிப்பு 71.25, அது தருவது 65. ஒவ்வொரு கூட்டிலும் 6 ரூபாய் 25 காசு நட்டம். விலையில் 7 ரூபாய் கூட்டிக் கேளுங்கள். இல்லாவிட்டால் மரியாதையாக மறுத்துவிடலாம்.

கல்யாண ஆர்டரும் இப்படியே. ஒரே வாரத்தில் 70 தாம்பூலக் கொட்டான் வேண்டும், அதே 160 ரூபாய் விலைக்கு. கணக்கில் 'பி2 குறைந்தது 70' என்ற நிபந்தனையைச் சேர்த்து ஓட்டினால் பெட்டி 30ஆக இறங்கும், நிற்பது 8,700. வழக்கமான 45க்கு மேல் போடும் 25 கொட்டானால் 750 ரூபாய் இறங்கியிருக்கிறது. அந்த ஒவ்வொன்றும் உண்மையில் 30 ரூபாய் குறைவாக விற்கிறது. பேரம் பேச மூன்று வழிகள் கிடைக்கின்றன. எழுபதுக்கும் ஒன்றுக்கு 11 ரூபாய் கூட்டிக் கேட்கலாம். இரண்டு வாரத்தில் 35, 35 என்று தருவதாகச் சொன்னால் எந்த இழப்பும் இல்லை. எப்படியும் வாரத்துக்கு 45 போடுகிறோமே.

மூன்றாவது வழி கூடத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த வாரத்தில் முடைபவர்களுக்கு 800 நிமிடம் மீதம், முடிப்பவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. முடிக்கும் ஒரு மணியின் நிழல் விலை 180 ரூபாய்க்கு ஏறிவிட்டது. முடைபவர்களில் ஒருவருக்கு ஓரம் கட்டத் தெரிந்திருந்து, 200 நிமிடம் அந்தப் பக்கம் போனால் 70 கொட்டானோடு 34 பெட்டியும் வந்துவிடும், நிற்பது 9,300. மூன்று மணி இருபது நிமிட உதவிக்கு 600 ரூபாய். சாதாரண வாரத்தில் இதே பயிற்சியால் 60 ரூபாய்கூடக் கூடுவது கடினம். ஆகவே எல்லாருக்கும் எல்லாம் கற்றுத்தர வேண்டியதில்லை, ஒருவருக்கு ஓரம் கட்டக் கற்றுக்கொடுத்தால் போதும். மூடி பொருத்தும் வேலையை அவரிடம் தர வேண்டாம். மூடி, அடிப்பெட்டியைவிட ஒரு நூல்தான் பெரிதாக இருக்க வேண்டும். இறுகினால் திறக்கும்போது ஓரம் பிளக்கும், தளர்ந்தால் தூக்கும்போதே கழன்று விழும். அந்தக் கை வர மாதங்கள் ஆகும்.

மழை வாரம்

ஓலைத் தொழிலில் இந்தக் கணக்கு தன் முழு மதிப்பைக் காட்டுவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான். கொதிக்கும் சாயத்திலிருந்து எடுத்த ஓலை சரியாக உலராமல் கட்டி வைத்தால் பூஞ்சை பூக்கும். கரும்புள்ளி விழுந்த ஓலையை உள்பக்கத்துக்குக்கூடப் பயன்படுத்த முடியாது. வாரத்துக்கு 14 கிலோ உலர்ந்த இடத்தில் 8 கிலோதான் தேறும் என்று வைப்போம். இ6இல் 8000 போட்டு ஓட்டுங்கள்.

திட்டம் தலைகீழாகிறது: முழு எண்ணாக எடுத்தால் 106 கொட்டான், 8 பெட்டி. நிற்பது 7,560. வெயில் காலத்தில் சரிபாதியாக இருந்த பெட்டி, மழையில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. 200 கிராம் ஓலைக்கு 150 ரூபாய் தரும் பெட்டியைவிட, 60 கிராமுக்கு 60 ரூபாய் தரும் கொட்டான் ஓலையைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது. 'எப்போதும் பாதிக்குப் பாதி' என்று வெயில் காலத் திட்டத்தையே மழையிலும் பிடித்துக்கொண்டிருந்தால், 8 கிலோவில் 30 கொட்டானும் 30 பெட்டியும்தான் வரும், நிற்பது 6,300.

இப்போது ஓலையின் நிழல் விலை: கிலோவுக்கு 500 ரூபாய். ஓலை வாங்கிய விலை ஏற்கெனவே கழிந்துவிட்டது. அதற்கும் மேலே 500. வெயிலில் சுழியமாக இருந்த அதே ஓலைதான். இந்த 500 எதுவரை செல்லும் என்பதும் முக்கியம்: வாரத்துக்கு 11.7 கிலோ ஆகும்வரை. அதற்கு மேல் முடையும் நேரம் தட்டுப்பாடாகிவிடும், ஓலையின் மதிப்பு மறுபடி சுழியம். நிழல் விலை எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று நினைத்து 50 கிலோ வாங்கிப் போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை.

ஆக ஒரு மழை வாரத்துக்குத் தேவையான கூடுதல் ஓலை 3.7 கிலோ. எட்டு மழை வாரம் என்றால் சுமார் 30 கிலோ. அதனால் கிடைப்பது வாரத்துக்கு 1,850 வீதம் 14,800 ரூபாய். வெயில் காலத்தில் வாரத்துக்கு 2.3 கிலோ சாயம் போடும் வசதி மிச்சம் இருக்கிறது. 13 வாரம் சேர்த்தால் 30 கிலோ ஆகிவிடும். பங்குனியில் தொடங்கினால் ஆனி முடியுமுன் தீர்ந்துவிடும் வேலை. சாயம் போட்ட ஓலையை நிழலில் முழுக்க உலர்த்தி, நிறவாரியாகக் கட்டி, தரையில் படாமல் பரண் போட்டு வைக்க வேண்டும். பரணுக்கும் தார்ப்பாய்க்கும் எவ்வளவு செலவு செய்யலாம் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது: வருடத்துக்கு 14,800க்குள் அடங்கும் எதுவும் தகும். நாள்பட்ட ஓலை விறைத்துப் போகும். முடைவதற்கு முன் ஈரத் துணியில் சுற்றி வைக்கும் நேரத்தையும் முடையும் நிமிடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழை வாரத் திட்டத்தில் முடைபவர்களின் 2,000 நிமிடம் வேலையின்றிப் போகிறது என்பதையும் பாருங்கள். உருப்படிக் கூலிக்கு உழைப்பவர்களுக்கு அது 2,000 ரூபாய் இழப்பு, அதுவும் மழைக் காலத்தில். ஓலை சேமிப்பதற்கு லாபத்தைவிட இதுவே எனக்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது.

எண்களை எடுப்பது

முடையும் நேரத்தை ஒரே ஒரு உருப்படியை வைத்து எடுக்காதீர்கள். நேரம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லாருக்கும் கை வேகமாக ஓடும். பத்துக் கொட்டானுக்கு எவ்வளவு நேரம் என்று, குறைந்தது மூன்று பேரிடம், வெவ்வேறு நாளில் எடுத்துச் சராசரி போடுங்கள். ஓலையை நனைப்பது, அகலம் பார்த்துப் பொறுக்குவது, உடைந்த கீற்றை மாற்றுவது எல்லாம் அதற்குள் வர வேண்டும். 20 பெட்டியில் ஒன்று தேறாமல் போகிறது என்றால் 120 நிமிடத்தை 0.95ஆல் வகுத்து 126 என்று போட வேண்டும். பொருள் செலவையும் கூலியையும் அப்படியே வகுக்க வேண்டும். நாளுக்கு 6 மணி நேரம் என்பதும் வேலையில் கை இருக்கும் நேரம். கூடத்தில் இருக்கும் நேரம் இல்லை.

கூலியில் ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். மேலே கொட்டானுக்கு 70 நிமிடத்துக்கு 70 ரூபாய், பெட்டிக்கு 170 நிமிடத்துக்கு 170 ரூபாய். மணிக்கு 60 ரூபாய் என ஒரே வீதம். பல இடங்களில் பெட்டிக் கூலி பழைய வீதத்தில் நின்றுபோயிருக்கும். அதை 130 என்று வைத்தால் மணிக்கு 46 ரூபாய்கூட வராது. தாளில் பெட்டிக்கு 190 ரூபாய் நிற்பதாகத் தெரியும், கணினியும் 'பெட்டி போடு' என்று சொல்லும். அந்தக் கூடுதல் 40 ரூபாய் முடைபவரின் கையிலிருந்து வந்தது. நேரத்தை அளந்ததும் முதலில் கூலியைச் சரிசெய்யுங்கள், பிறகு சால்வரை ஓட்டுங்கள். சுய உதவிக் குழுவாக இருந்தால் கூலி செலவே இல்லை, அதுவும் உறுப்பினர் வருமானம்தான். கொட்டானுக்கு 130, பெட்டிக்கு 320 என்று போட்டு ஓட்டிப் பாருங்கள். இந்த எடுத்துக்காட்டில் 45, 45 மாறாது.

கடனுக்கு விற்பதையும் எண்ணாக்குங்கள். 60 நாள் கழித்துக் காசு தரும் கடைக்கு 400 ரூபாய்ப் பெட்டி, மாதம் 2 சதவீத வட்டியில் 384க்குத்தான் சமம், நிற்பது 134. பணமும் ஒரு வரம்பாக வரலாம். மேலே சொன்ன திட்டத்துக்கு வாரத்துக்கு 15,750 ரூபாய் கைமுதல் வேண்டும். 12,000தான் இருக்கிறது என்றால் எந்தக் கலவை போட்டாலும் 7,200க்கு மேல் வராது, கைமுதலின் நிழல் விலை ரூபாய்க்கு 60 காசு. விற்ற காசு ஓரிரு வாரத்தில் திரும்பும் என்றால், கூட்டுறவு வங்கியிலோ குழுவிலோ 3,750 கடன் வாங்கத் தயங்க வேண்டாம். இரண்டு மாதம் கழித்துத் திரும்பும் என்றால் இந்த 60 காசுக் கணக்கு செல்லாது.

இன்னும் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தீர்ந்துபோகும் வரம்புகள் எத்தனையோ, அதற்கு மேல் பொருள் வகைகளை இந்த முறை தேர்ந்தெடுக்காது. பத்து டிசைன் கொடுத்தாலும் இரண்டு தட்டுப்பாடு இருந்தால் இரண்டு டிசைனைத்தான் போடச் சொல்லும். கடையில் இரண்டே பொருளை வைத்து யாரும் வியாபாரம் செய்ய முடியாது. சந்தை எவ்வளவு வாங்கும் என்ற உச்சவரம்பையும், பழைய வாடிக்கையாளருக்காகக் குறைந்தது எத்தனை என்பதையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு லாபம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். வகை வகையாக வைத்திருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அது.

விடை 106.67 என்று பின்னமாக வந்தால் 107 ஆக்கிவிடாதீர்கள், வரம்பு மீறும். முழு எண் என்ற நிபந்தனையைச் சேர்த்து ஓட்டுங்கள். ஆனால் நிழல் விலையைப் பார்க்கும்போது அந்த நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். முழு எண்ணோடு ஓட்டினால் தாவித் தாவி வரும். எக்செல் அந்த நிலையில் சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டே (நிழல் விலைகளைக் காட்டும் அறிக்கை) தராது.

உள்ளே துணி வைத்துக் கேட்கும் ஆர்டர்களுக்கு ஒரு சின்ன விஷயம். 44 அங்குல அகலத் துணியில் பெட்டிக்கு 14 அங்குலம், கொட்டானுக்கு 9 அங்குலம், இரண்டுக்கும் ஒரே நீளம் என்றால், தனித்தனியாக வெட்டும்போது 45 பெட்டிக்கும் 45 கொட்டானுக்கும் பட்டைகள் 15 + 12 = 27 ஆகும். ஒரு பட்டையில் ஒரு 14ம் மூன்று 9ம் என்று 15 பட்டையும், மூன்று 14 என்று 10 பட்டையும் வெட்டினால் 25இல் முடிந்துவிடும்.

அட்டைப் பெட்டி, நூல் போன்ற கெடாத பொருள்களை எவ்வளவு வாங்குவது என்பதற்கு 1913இல் அமெரிக்கப் பொறியாளர் போர்ட் ஹாரிஸ் எழுதிய சூத்திரம் இன்றும் போதும். ஆண்டுத் தேவை 2,400, ஒருமுறை வாங்கப் போய்வரும் செலவு 300 ரூபாய், ஓர் அட்டைப் பெட்டியை வருடம் முழுக்க வைத்திருக்கும் செலவு 4 ரூபாய் என்றால், 2 × 2,400 × 300 ÷ 4 = 3,60,000; அதன் வர்க்கமூலம் 600. நாலு தடவை வாங்கலாம். 400 ஆகவோ 900 ஆகவோ வாங்கினாலும் வருடத்துக்கு 200 ரூபாய்தான் வித்தியாசம், அதனால் இதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கண்காட்சிக்கு எத்தனை கொண்டுபோவது என்பதில் கொஞ்சம் உடைத்துக்கொள்ளலாம். பெட்டி விலை 400, அடக்கம் 250. மீந்தால் 200க்குத் தள்ளிவிட வேண்டும். கொண்டுபோகாததால் ஒரு விற்பனை போனால் 150 இழப்பு, மீந்தால் 50 இழப்பு. 150ஐ, இரண்டு இழப்பையும் கூட்டிய 200ஆல் வகுத்தால் 0.75. கடந்த எட்டுக் கண்காட்சிகளில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை ஏறுவரிசையில் எழுதுங்கள்: 22, 25, 28, 30, 34, 36, 41, 50. எட்டில் முக்கால் பங்கு ஆறு, ஆறாவது எண் 36. சராசரி 33தான், ஆனால் கொண்டுபோக வேண்டியது 36. 'கேட்டார்கள்' என்பதைக் கவனியுங்கள். சரக்கு தீர்ந்த பிறகு வந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்களையும் எண்ண வேண்டும்; ரசீதுப் புத்தகத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். ஸ்டாலில் ஒரு தாளும் பேனாவும் வைத்து, 'இல்லை' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.